வெந்நீர் அக்கா கழுவிய ஸ்பாஞ்ச்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் வெந்நீர். அறுவை சிகிச்சைக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவியில் வேகவைத்து அனுப்பும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலை அவளை விடுவதில்லை. கரண்டி, சீப்பு, கதவுக் கைப்பிடி, என் தையல் கத்தரிக்கோல், எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை துறுதுறுக்கும். சின்ன வயதில் என் ரப்பர் பொம்மையைக் கொதிக்கவைத்து அதற்கு முகமே இல்லாமல் செய்தவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு வெள்ளை டேப் ஒட்டித் தேதி போட்டு, கட்டியவர் தன் பெயரின் முதலெழுத்தைப் போடவேண்டும். உள்ளே ஒன்று குறைந்தாலும் கூடினாலும் கேள்வி அந்த எழுத்துக்காரரிடம்தான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாள், கட்டு மேலே போன பிறகு, ஒரு இடுக்கியை எண்ணினோமா இல்லையா என்று இவளுக்குச் சந்தேகம். மாடிப்படி ஏறி ஓடி, அறுவை அரங்கின் வாசலில் நின்று, "அது என் கட்டு, பிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். ஆபரேஷன் நாற்பது நிமிஷம் தள்ளிப்போனது. எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்ததாம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருஷத்துக்கு இரண்டு மாதம் வருவார். நான் முன்னறையில் மெஷினைப் போட்டுத் திரைச்சீலை தைக்கிறேன். மூன்றாவது ஆள் அக்காவின் மகள், பதினைந்து வயது. எதற்கும் நாலு கேள்வி கேட்பதால் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம்.

வக்கீல் பூனை கேட்டாள். ரோமம் என்றாள் அக்கா. கிளி கேட்டாள். எச்சம். முயல் கேட்டபோது அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை.

பிறகுதான் ஆக்சலோட்டல் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஒரு தொட்டியில் இருந்தது அது. ஒரு சாண் நீளம், நாலு கால், வெளிர் உடம்பு, கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்பு இறகு மாதிரி செவுள்கள். தவளைக்குச் சொந்தம், ஆனால் கரையேறாமல் ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடும். கூட இருந்த இன்னொன்று அதன் செவுளைக் கடித்துத் தின்றபோது முதலில் பார்த்துச் சொன்னவள் வக்கீல்தான். செவுள் திரும்ப முளைத்ததை வாராவாரம் வரைந்து வைத்திருந்தாள்.

கட்டடத்தை இடிக்கப்போவதால் ஆய்வகத்தை மூடுகிறார்கள் என்ற செய்தி வந்ததும் அவள் அந்த நோட்டைக் கொண்டுவந்து அக்கா முன் வைத்தாள்.

"ரோமம் கிடையாது. எச்சம் தரையில விழாது. சத்தம் போடாது. குளிர்ந்த தண்ணியிலயே கிடக்கும். இனி சொல்லுங்க, என்ன ஆட்சேபணை?"

அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "சரி" என்றாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஆய்வகப் பொறுப்பாளர் மேடம் கறாரானவர். தொட்டி தயாரானால்தான் தருவேன் என்றார். ஆக்சலோட்டலின் கழிவு தண்ணீரில் அமோனியா என்ற விஷமாகும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒருவகைக் கிருமி வளர்ந்தால் அது அந்த விஷத்தைத் தின்று இன்னொரு விஷமாக்கும். வேறொரு கிருமி வந்து அதையும் தின்னும். இரண்டும் குடியேற ஆறு வாரம் ஆகும். அதுவரை உயிரே இல்லாத தொட்டியில் தினம் நாலு சொட்டு அமோனியா விட்டுக் கிருமிக்குச் சாப்பாடு போடவேண்டும். ஏழாவது வாரச் சனிக்கிழமை தொட்டித் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். அன்று மதியம் அவர் ஆய்வகச் சாவியை ஒப்படைக்கவேண்டும். நம் தண்ணீர் தேறாவிட்டால் அடுத்து கேட்டிருப்பவருக்குப் போய்விடும். அவர் ஓட்டல் வைத்திருப்பவர், வாசலில் கலர் விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறாராம். விளக்குச் சூட்டில் அது எத்தனை நாள் தாங்கும் என்று வக்கீலுக்குத் தெரியும். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டாள்.

"கிருமிக்குச் சோறு போட்டு வளர்க்கிறோமா? என் வீட்டுலயா?" என்றாள் அக்கா.

"அம்மா, தொட்டியில நீ கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

வெயில் படாத நடைவழியில் தொட்டியை வைத்தோம். தண்ணீர் சூடேறாமல் இருக்க மேலே ஒரு சின்ன மின்விசிறி. கல்லைப் போட்டால் விழுங்கிவிடுமாம், அதனால் அடியில் வெறும் கண்ணாடி. தினமும் மாலை வக்கீல் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டு நிறம் பார்ப்பாள். மஞ்சள் வந்தால் நல்லது, பச்சை வந்தால் விஷம். இரண்டாவது குழாய் வெளிர்நீலம் வரவேண்டும், ஊதா ஆகக் கூடாது. அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பழுப்பேறிக் கொழகொழத்த ஸ்பாஞ்சைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போவாள். ஆறாவது வாரம் மஞ்சளும் நீலமும் வந்தன. வக்கீல் நடைவழியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும், இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் திரைச்சீலை மாட்டப் போயிருந்தேன். அக்கா தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, நின்றபடியே தூங்குகிற நிலையில் வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறாள். குழாயடித் தொட்டி, அடுப்பு, நடைவழி. கை தானாகப் போய் ஸ்பாஞ்சை எடுத்திருக்கிறது. வெந்நீரில் போட்டு, பிழிந்து, மறுபடி போட்டு, வெள்ளைவெளேர் என்று ஆனதும் ஒரு திருப்தி. அதைத் திரும்ப மாட்டும்போதுதான் விழித்திருக்கிறாள்.

அன்று மாலை வக்கீல் தேர்வுக்குப் படிக்கவேண்டும் என்று நிறம் பார்க்கவில்லை, சொட்டு மட்டும் விட்டாள். புதன்கிழமை குழாய் பச்சையானது. மறுபடி பார்த்தாள். பச்சை. 

"சித்தி, ஸ்ப்ரே ஏதாவது அடிச்சீங்களா?"

"நான் ஏன்டி அடிக்கிறேன்?"

அடித்தேன்தான். அதற்கு முந்தைய வாரம், ஒரே ஒரு தடவை, கரப்பானுக்கு, அதுவும் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு. அது ஒரு கணக்கா?

"வீட்டுல பகல்ல இருக்கிறது நீங்கதான். வேற யாரு? ஆறு வாரம் சித்தி. மூணு நாள்ல அதை ஓட்டல்காரர் தூக்கிட்டுப் போயிடுவாரு."

அக்கா அங்கேயேதான் நின்றாள். ஏற்கெனவே துலக்கிய ஒரு பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். 

வியாழக்கிழமை பச்சை இன்னும் கறுத்தது. வக்கீல் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் அன்று அனுபவித்தேன். மதியம் கோபத்தோடு தொட்டி முன் போய் நின்றபோது எனக்குத்தான் அந்த ஸ்பாஞ்ச் கண்ணில் பட்டது. கடையில் வாங்கிய அன்றுகூட அது அவ்வளவு வெள்ளையாக இல்லை.

அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் பிடித்துக்கொண்டேன்.

"நீ கழுவினியா?"

"ஆமா."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ரெண்டு நாளா அவ என்னைக் கரிச்சுக் கொட்டுறா, நீ பாத்திரம் தேய்ச்சிட்டு நிக்கிறே. ஆஸ்பத்திரியில சந்தேகத்துக்கே மாடி ஏறி ஓடினவதானே? அந்த எழுத்து இங்க எங்க போச்சு?"

அக்கா நடைவழிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அங்க திட்டுவாங்க, முடிஞ்சிரும். இவ திட்ட மாட்டாடி. பார்ப்பா. பூனை வேண்டாம்னு சொன்னப்போ ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் ரெண்டு வருஷம் என்கிட்ட ஒண்ணுமே கேட்கல. ஒரு பேனாகூடக் கேட்கல."

இதற்கு மேல் அவளை என்ன சொல்ல?  மேடத்திடம் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். ஸ்கூட்டரில் போனோம். ஆய்வகத்தில் பாதி அலமாரிகள் காலி. அக்கா உள்ளே போனவுடன், உட்காரக்கூடச் செய்யாமல் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஆறு வாரம் வளர்த்ததை ஆறு நிமிஷத்துல வேகவெச்சிட்டீங்களா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"இந்தக் கையை நம்பி எப்படிக் குடுக்கிறது?"

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். வெந்நீரில் வெந்து வெந்து விரல் நுனிகளில் ரேகையே இல்லாத கைகள். "பொண்ணோட கையை நம்பிக் குடுங்க. அவ எந்தத் தப்பும் பண்ணல" என்றாள்.

 மேடம் ஆக்சலோட்டலின் தொட்டியிலிருந்தே பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து, அதே தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டார். கறுத்து, வழவழவென்று, குளத்துச் சேற்று வாசனையோடு இருந்தது. "மூடக் கூடாது, காயக் கூடாது. பாதித் தண்ணியை மாத்திட்டு இதைப் போட்டு, வழக்கமான நாலு சொட்டு விடுங்க. நாளைக்கு விஷம் போயிருந்தா போயிருக்கும். நான் உத்தரவாதம் தர முடியாது. தேறலைன்னா எனக்கு வேற வழியில்லை."

திரும்பும்போது டப்பா அக்காவின் மடியில். ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர் தளும்பி அவள் துணியில் வடிந்தது. கொழகொழப்பைக் கண்டாலே முகம் சுளிப்பவள், ஸ்பாஞ்ச் மேலே மிதந்து காய்ந்துவிடாமல் நாலு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"சத்தமில்லாமப் போட்டுடு. அவளுக்குத் தெரியவே வேண்டாம். என் மேல விழுந்த பழி விழுந்ததாவே இருக்கட்டும்" என்றேன். எனக்கும் பெரிய மனசு உண்டு.

 அக்கா வீட்டுக்கு வந்து மேடம் சொன்னபடி எல்லாம் செய்தாள். பிறகு கைப்பையிலிருந்து அவர்கள் பிரிவின் டேப் உருளையை எடுத்து ஒரு துண்டு கிழித்து, தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினாள். செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போட்டு, "ஸ்பாஞ்சைக் கொதிக்கவைத்தது" என்று எழுதி, பக்கத்தில் தன் எழுத்தைப் போட்டாள். 

வக்கீல் பள்ளிக்கூடப் பையோடு நின்றபடியே அதைப் படித்தாள்.

"சித்தியை நான் கேட்டப்போ நீ அங்கதான் இருந்தே."

"இருந்தேன்."

அக்கா சொன்ன அந்தப் பார்வையை அன்றுதான் நானும் பார்த்தேன். அதற்குத் திட்டே மேல். அக்கா தலையைக் குனியாமல் நின்று அதை வாங்கிக்கொண்டாள்.

"வெந்நீர் மட்டுமா, சோப்பும் போட்டியா?"

"வெந்நீர் மட்டும்தான்."

"சோப்பு பட்டிருந்தா இந்த ஸ்பாஞ்சும் செத்திருக்கும்."

 அன்று இரவு வக்கீல் தட்டை எடுத்துக்கொண்டு தொட்டி பக்கம் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை ஆய்வகத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே ஓட்டல்காரரின் ஆள் வந்திருந்தார். வெறும் வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேடம் எங்கள் தண்ணீரை இரண்டு குழாய்களில் ஊற்றி, மருந்து விட்டு, குலுக்கி நிறுத்தினார். ஐந்து நிமிஷம் பொறுக்கவேண்டும்.  அந்த ஆள் இரண்டு தடவை மணி பார்த்தார். முதல் குழாய் மஞ்சளிலேயே நின்றது. இரண்டாவது வெளிர்நீலம்தான், ஆனாலும் ஊதா ஓடுகிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மேடம் அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், நிற அட்டையோடு ஒட்டவைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீலம்தான்" என்றார். வாளிக்காரரிடம், "உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

 வக்கீல் அழவில்லை. மேடம் நீட்டிய படிவத்தை வாங்கி மளமளவென்று எழுதினாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயர். அடுத்த வரி, இரண்டாம் பொறுப்பாளர். பேனா அங்கே நின்றது. நான் நிமிர்ந்து நின்றேன். பகல் முழுக்க வீட்டில் இருப்பவள் நான், பழியைச் சுமந்தவள் நான், ஸ்கூட்டர் ஓட்டியதும் நான்தான்.

அவள் எழுதியது அக்காவின் பெயரை.

"ஏன்டி, வேகவெச்சவளையா? அப்போ நான்?"

"அம்மா தப்பு பண்ணா எழுதி ஒட்டிடுவா சித்தி. நீங்க கரப்பான் ஸ்ப்ரே அடிச்சதை நான் கதவிடுக்குல மோந்து பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன்."

மேடம் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வக்கீல் படிவத்தை அக்காவிடம் நீட்டினாள்.

"மாசம் ஒரு தடவை ஸ்பாஞ்சை அலசணும்மா. தொட்டித் தண்ணியிலதான், சூடு பண்ணாம. நீதான் அலசணும். நான் பக்கத்துல நிப்பேன்."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். எழுத்தைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் பக்கத்தில் தேதியையும் போட்டாள்.