பின்னால போங்க, இன்னும் பின்னால

“முன்னால வராதீங்க! பின்னால போங்க! இன்னும் பின்னால!” என்று பாறையின் அடியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார் கேப்டன். உச்சியில் நிற்கும் நாங்கள் பின்னால் போகிறோம். இன்னும் பின்னால். அவர் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுக்கிறார். இறங்கி வந்து பார்த்தால் படத்தில் ஒரு பெரிய பாறை சாய்வாக நிற்கும். அதன் விளிம்பில் சில நெற்றிகள் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தொப்பியும் தெரியும்.

“மலை எப்படி வந்திருக்கு பாத்தீங்களா?” என்பார்.

“நாங்க எங்க சார்?”

“உங்க மூஞ்சிதான் தினமும் கண்ணாடியில வருதே. மலை வருமா?”

எங்கள் ஞாயிறு நடைக் குழுவின் தலைவர் அவர். எந்தக் கப்பலும் ஓட்டியதில்லை. தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. காது வரை மடல் தொங்கும் ஒரு தொப்பியைப் பார்த்து யாரோ கேப்டன் என்று கூப்பிடப்போய், மறுவாரமே அவர் நடை மாறிவிட்டது. அவருடைய மேற்சட்டையில் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. ஊக்கு, இருமல் மிட்டாய், கண்ணாடிக் காலை மாட்டும் பொடி ஆணி, அதைத் திருகும் சின்னத் திருப்புளி, துடைக்கும் துணி எல்லாம் இருக்கும். திசைகாட்டி ஒன்றும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு, எதிரே வரும் ஆட்டுக்காரரிடம்தான் வழி கேட்பார்.

ஓய்வெடுக்க உட்கார்ந்தால் போதும், யார் மூக்கிலாவது இருக்கும் கண்ணாடியை உரிமையோடு கழற்றிக்கொள்வார். ஊதித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டிவிடுவார். “இவ்வளவு தூரம் வந்து இயற்கைய அழுக்குக் கண்ணாடி வழியா பாக்கறதா? இப்ப எப்படி இருக்கு? தெளிவா இருக்கா?” இல்லை என்று சொல்லிப் பாருங்கள், மறுநாள் கடைக்கு வரச்சொல்வார்.

எந்தக் காட்டுக்குப் போனாலும் அவருக்குத் தெரிந்த தூரம் ஒன்றுதான். “அந்த வளைவு தெரியுதில்ல? அதைத் தாண்டினா வந்துடுச்சு.” அந்த வளைவைத் தாண்டினால் இன்னொரு வளைவு வரும். “நான் சொன்னது இந்த வளைவு.” திரும்பி வரும் பேருந்தில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள், “டேய், கேப்டன் மாதிரி பேசிக் காட்டுடா” என்று. பேசிக் காட்டுவேன். முதல் ஆளாகக் கை தட்டுவது அவர்தான். “நல்லாருக்கு, ஆனா குரல் இன்னும் கொஞ்சம் கனமா வரணும்” என்று திருத்தமும் சொல்வார்.

அவர் கழுத்தில் தொங்கும் விசில்தான் எங்களுக்குச் சட்டம். ஒரு விசில் என்றால் நின்ற இடத்தில் ஓய்வு. இரண்டு என்றால் திரும்பு. மூன்று என்றால் சாப்பாடு. இந்த மூன்றாவது சட்டத்தை இதுவரை யாரும் மீறியதில்லை.

சமதரையில் அவரைப்போல் சர்வாதிகாரி கிடையாது. சைக்கிள் பயணத்தில் எங்கள் குழுவின் டயர்க் கடைக்காரரையே “காத்து பாத்தீங்களா? எங்க, அமுக்கிக் காட்டுங்க” என்று மிரட்டியவர். ஆனால் படகு விட்ட அன்று, “கரையில ஒரு பொறுப்பான ஆள் வேணும்ல?” என்று கரையில் நின்றுகொண்டார். குகைக்குப் போனோம், வாசலைக் காவல் காத்தார். பாறை ஏறினால் பைகளைப் பார்த்துக்கொள்வார், கீழிருந்து படம் எடுப்பார். பொறுப்பு என்பது எப்போதும் கீழேயே கிடந்தது. அவரும் அதை விட்டு நகரவில்லை.

காரணம் அவர் மனைவிக்குத் தெரியும். கணக்கு டீச்சர்; எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். ஒரு நாள் நான் வீட்டுக்குப் போனபோது அவர் முக்காலியில் ஏறிப் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். கேப்டன் கீழே நின்று முக்காலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் பிடித்ததில்தான் முக்காலி ஆடியது.

“இவரா? மலையா?” என்றார் டீச்சர் மேலிருந்து. “மொட்டை மாடியில காயற துணிய எடுக்கவே நான்தான் போகணும். கைப்பிடிச் சுவர் பக்கம் நின்னா தலை சுத்துமாம்.”

“அது ரத்த அழுத்தம்” என்றார் கேப்டன்.

“மாடியில மட்டும் வர்ற ரத்த அழுத்தம்.”

கடை மாமனார் வைத்துக் கொடுத்தது. அதில் சுழல் நாற்காலி மச்சானுடையது. கேப்டனுக்கு வாடிக்கையாளருக்கு முன்னால் ஒரு குட்டி ஸ்டூல். வீட்டில் டீச்சரும் இரண்டு மகள்களும். வாரத்தில் ஆறு நாள் “சரிங்க” என்பவர், ஏழாம் நாள் காலையில் எங்களைப் பார்த்து “சரியா?” என்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவர் கண்ணாடி துடைக்கிறார்.

இந்தக் குழுவில் வந்து சேர்ந்தான் உடற்பயிற்சிக் கூடத்து ட்ரெயினர். சட்டைக் கை கிழிந்துவிடுமோ என்று பார்ப்பவர்களே பயப்படும் தோள். நல்ல பையன்தான், எதையும் சத்தமாகச் சொல்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவின் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான்.

“கேப்டன், ஒரு படத்துலகூட நீங்க மேல இல்லையே?”

“எடுக்கறவன் எப்படிப்பா படத்துல வருவான்?”

“அப்ப இந்தத் தடவை நான் எடுக்கறேன். நீங்க ஏறுங்க.”

எங்கள் குழுவில் வருடத்துக்கு ஒரு நாள் விசில் மாற்றுவது வழக்கம். தலைவர் விசிலைத் தானே கழற்றிக் கேஷியரம்மா கையில் கொடுக்க வேண்டும். வங்கியில் ஓய்வு பெற்ற கேஷியரம்மாதான் குழுவைத் தொடங்கியவர். “அடுத்த வருஷம் யாரு?” என்று அவர் கேட்பார். “கேப்டன்தான்!” என்று நாங்கள் கத்துவோம். விசில் போன கழுத்துக்கே திரும்பும். இதெல்லாம் வழக்கமாக மலையடிவாரத்தில், ஆரஞ்சு உரித்துக்கொண்டே முடிந்துவிடும். ட்ரெயினர் சும்மா இருக்கவில்லை. “தலைவர்னா மேல நிக்கணும். இந்த வருஷம் உச்சியில வச்சுக்கலாம். மேல வர்றவங்கதான் விசில் கேக்கலாம்” என்று கைபேசிக் குழுவில் போட்டான். கட்டைவிரல்கள் குவிந்தன. கடைசியாக வந்த கட்டைவிரல் கேப்டனுடையது.

விசில் மாற்றும் ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் வந்திருந்தார். “நீ எதுக்கு? வெயிலு” என்று கேப்டன் சொல்லிப் பார்த்தாராம். “ரத்த அழுத்தத்தைப் பாக்கணும்” என்றாராம் டீச்சர்.

உச்சிக்குக் கடைசிப் பகுதி ஓர் இரும்பு ஏணி. பாறையோடு சேர்த்துச் சாய்வாக அடித்தது, படிகள் அகலம். பயப்பட ஒன்றுமில்லை என்று மேலே போனவர்கள் சொல்வார்கள். ட்ரெயினர் தன் சீடர்கள் இருவரோடு குதித்து ஏறிவிட்டான். “கேப்டன், வாங்க!”

கேப்டன் தொப்பியை இறுக்கினார். விசிலை வாயில் கவ்வினார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினார். பின்னால் டீச்சர், அவருக்குப் பின்னால் கேஷியரம்மா, அடுத்து நான். எனக்குப் பின்னால் டயர்க் கடைக்காரரும் மற்றவர்களும். பாதி ஏணி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பாதியில் கேப்டன் நின்றார். அவர் மூச்சை இழுத்துவிட்ட விதத்தில் வாயிலிருந்த விசில் ‘பீ’ என்றது.

ஒரு விசில். ஓய்வு. உடனே ஏணி முழுவதும் உட்கார்ந்தது. எனக்குக் கீழே பிஸ்கட் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது. “நல்ல இடம் பாத்து ஓய்வு குடுக்கறாரு. என்ன காத்து!” என்றார் டயர்க் கடைக்காரர்.

“ஏங்க, என்ன ஆச்சு?” என்றார் டீச்சர் மெதுவாக.

“ஒண்ணுமில்ல.” விசிலைக் கவ்வியபடியே வந்தது பதில். “காட்சி பாக்கறேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

மேலிருந்து ட்ரெயினர் எட்டிப் பார்த்தான். “கேப்டன், வந்துட்டீங்க! இன்னும் கொஞ்சம்தான்! கீழ மட்டும் பாக்காதீங்க!”

கேப்டன் உடனே கீழே பார்த்தார்.

அப்புறம் வந்த விசிலை எந்தச் சட்டத்திலும் சேர்க்க முடியாது. நீளமாக, நடுங்கி, அறுந்து அறுந்து வந்தது. எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். டீச்சரின் கண்ணுக்கு நேராகக் கேப்டனின் இரண்டு காலணிகளும் படியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மாடிக் கதையை என்னிடம் போட்டு உடைத்தவர், அந்தக் காலணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே திரும்பி, வகுப்பறைக் குரலில் கத்தினார்:

“ரெண்டு விசில்! திரும்பணுமாம்! எல்லாரும் இறங்குங்க!”

“ஒண்ணுதானேம்மா நீளமா வந்துச்சு?” என்றார் கேஷியரம்மா.

“ரெண்டுதாம்மா. ஒட்டி வந்துச்சு.”

கேஷியரம்மா ஒரு முறை மேலே பார்த்தார். “கணக்கு டீச்சரே சொன்னா சரிதான். ம், இறங்குங்கப்பா!”

இறங்கினோம். டீச்சர் ஒரு கையால் ஏணியையும் மறு கையால் கேப்டனின் கணுக்காலையும் பிடித்து, ஒவ்வொரு காலாக எடுத்துக் கீழ்ப் படியில் வைத்துக்கொண்டே வந்தார். “வலது. ம். இப்ப இடது. அவ்வளவுதான். அந்த வளைவு தாண்டினா வந்துடுச்சு.”

தரையில் கால் வைத்ததும் கேப்டன் விசிலைத் துப்பினார். “மேல மேகம் ஒரு மாதிரி இருந்துச்சு. குழுவோட பாதுகாப்பு முக்கியம், சரியா?”

வானம் துடைத்த கண்ணாடியாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. டயர்க் கடைக்காரர் மட்டும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “நல்ல முடிவு சார். எனக்கும் அந்த மேகம் பிடிக்கல” என்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலருக்கும் மேகம் பிடிக்காமல் போயிருந்தது தெரியவந்தது.

மேலே ட்ரெயினர் குதித்தான். “என்னங்க இது, போங்கு ஆட்டம்! மேல வர்றவங்கதானே கேக்கணும்?”

கேஷியரம்மா இரண்டு கையையும் வாயருகே குவித்தார். “ஆமா தம்பி, நீதான் ஜெயிச்ச! மேல இருக்கறவங்களுக்கெல்லாம் நீதான் தலைவர்! எத்தன பேரு இருக்கீங்க?”

திரும்பிப் பார்த்து எண்ணிய பிறகு, “மூணு” என்று வந்தது.

“சந்தோஷம்! பத்திரமா பாத்துக்க!” என்றுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “கீழ இருக்கறவங்களுக்கு அடுத்த வருஷம் யாரு?”

நாங்கள் கத்துவதற்குள் கேப்டன் விசிலைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டார். தொப்பியையும் கழற்றியிருந்தார். “இல்லம்மா. நான் சொல்லணும். எனக்கு வந்து... உயரம்னா...”

“நீ உயரமா இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. எனக்கு எட்டல. குனி.”

குனிந்தார். விசில் கழுத்தில் விழுந்தது. நாங்கள் கத்தியது உச்சி வரை கேட்டிருக்க வேண்டும். ட்ரெயினரும் அங்கிருந்து கை தட்டினான். தோற்றாலும் படம் வேண்டுமே. விளிம்புக்கு வந்து, காலணி நுனி வெளியே தெரிய, மார்பை விரித்து நின்றான். “கேப்டன்! ஒண்ணு எடுங்க!”

கேப்டனின் முகம் வெளுத்தது. “தம்பி! பின்னால போ! இன்னும் பின்னால!”

இந்தக் குரலைத்தான் பேருந்தில் அத்தனை முறை பேசிக் காட்டியிருக்கிறேன். அதில் ஒரு நடுக்கம் இருந்ததை இத்தனை நாளும் கவனிக்காமல் விட்டிருந்தேன். ட்ரெயினர் முனகிக்கொண்டே பின்னால் போனான். நெற்றி மட்டும் மிச்சமாகும் வரை கேப்டன் விடவில்லை. அப்புறம் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே பார்த்து, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு அமுக்கினார்.