கூலரில் புறா, முருகன் காதில் கதை

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரித்து அப்பளம் விற்றவன் நான். அதே மார்க்கெட்டில் இன்று சொந்தக் கடை. மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். சாணக்யபுரி விருந்தினர் இல்லங்களில் மந்திரிகள் குடிக்கிற காப்பி என் கடைப் பொடிதான். படிப்போ நாலாம் வகுப்பு. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை.

இப்படிப்பட்ட என்னை, முருகனடியார்களே, ஒரு பரீட்சை உட்கார வைத்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். என் கடைசி மகள் வள்ளியை ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்க்க ஆசைப்பட்டேன். நுழைவுத் தேர்வில் சொந்தமாகக் கதை எழுத வேண்டும். டியூஷன் மாஸ்டர் பசு, தாஜ்மகால், ரயில் பயணம் என்று கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். தில்லியில் நம்மவர் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தேர்வில் வெறும் ஊஞ்சல் படம் கொடுத்தார்களாம். இவள் ரயில் பயணத்தை எழுதிவிட்டு வந்தாள். இடம் இல்லை.

மறுவருஷமும் எழுதலாம், அதுதான் கடைசி வாய்ப்பு என்றார்கள். ஆனால் வெள்ளைத் தாளைப் பார்த்தாலே குழந்தை பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். "எனக்குள்ள ஒண்ணுமே இல்லப்பா" என்று அழுதாள். எனக்கு இங்கிலீஷில் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் என்ன செய்ய? என் மனைவி கோமதிக்குத் தெரியாமல் கடைக்குள் நின்று அழுதேன்.

சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அவளை முருகன் சந்நிதிக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் கண்ணை மூடி ஸ்லோகத்தை மடமடவென்று ஒப்பித்தாள். தோளைத் தட்டி நிறுத்தினேன்.

"ஏளா, மனப்பாடம் போதும். என்கிட்டப் பேசுத மாதிரி அவன்கிட்டப் பேசு."

"என்ன பேச?"

"வீட்ல நடந்ததச் சொல்லு. கேப்பான்."

பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"முருகா, எங்க ஜன்னல் கூலருக்குள்ள கபூத்தர், அதான் புறா, முட்டை போட்டிருக்கு. அப்பாக்குத் தெரியாது. தெரிஞ்சா தூக்கி வீசிருவார். அதனால கூலர் கராப் ஆயிடுச்சு, ஓடாதுன்னு அம்மாவும் நானும் பொய் சொல்லிட்டோம். அப்பா பாவம், வெக்கை தாங்காம பனியனப் பிழிஞ்சு பிழிஞ்சு போட்டுக்கறார். ரிப்பேர் பண்ண மிஸ்திரியக் கூப்பிடறேங்கறார். ஜல்தி குஞ்சு பொரிக்க வை, ப்ளீஸ்."

பின்னாலேயே நிற்கிறேன்! கோபம் வரவில்லை. உடம்பு சிலிர்த்தது. ஒன்றுமே இல்லை என்றவள் வாயில் எத்தனை கதை! முருகா, நீ கேட்டுவிட்டாய் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோமதி என் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள். "கூலர் கெட்டே கெடக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். வள்ளி அன்றே அதை இங்கிலீஷில் எழுதினாள். அதன்பின் தினமும் முருகனிடம் ஒரு சேதி சொல்வாள், சொன்னதை எழுதுவாள்.

தேர்வில் வந்த தலைப்பு ‘எதிர்பாராத விருந்தாளி’. கேட்க வேண்டுமா? புறாவையும் என் பனியனையும் எழுதிவிட்டு வந்தாள்.

நேர்முகத்துக்குப் போனபோது தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆப் ஹீ பனியன்வாலே பாப்பா ஹைன்?" அந்தப் பனியன் அப்பா நீங்கள்தானா என்கிறார்!

"ஹாஞ்ஜி, மேடம்" என்றேன். நெஞ்சு நிமிர்ந்தது. இடம் கிடைத்தது.

இன்று வள்ளி காலேஜில் படிக்கிறாள், பத்திரிகைகளுக்கும் எழுதுகிறாள். நான் செவ்வாய்தோறும் சந்நிதியில் நிற்கிறேன். பட்டியல் போட்டுக் கேட்பதை விட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், மனசு நிறைந்து திரும்புகிறேன். உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். சொந்த வாயால் பேச விடுங்கள். அவன் கேட்பான்.

ஒரே ஒரு விஷயம். நம் கோயில் ஆண்டு மலரில் வள்ளி எழுதியதைப் படித்தேன். முருகனுக்கு நன்றி, சரி. டியூஷன் மாஸ்டருக்கும் நன்றியாம்! ‘மனப்பாடம் போதும்’ என்று அன்று சொன்னது யார்? அடுத்த மலரில் திருத்திப் போட வேண்டும். முருகன் பெயருக்கு அடுத்த வரியில் என் பெயர் வரட்டும். அவனுக்கு மேலே கேட்கவில்லை.