பூமணியக்காவுக்கு நான் போட்ட புள்ளிகள்

தைத்துக்கொண்டிருந்த வெள்ளைப் பாடசாலைச் சட்டையில்தான் முதல் துளி விழுந்தது. ஊசி குத்திவிட்டதோ என்று விரலைப் பார்த்தேன். காயம் இல்லை. இருமலோடு வாயிலிருந்து வந்த இரத்தம் அது. கணவர் காணுமுன் சட்டையைக் கழுவிக் காயப்போட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு களுதாவளையிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்றார்கள். ஆறு மாத மருந்து. இரத்தம் நிற்கும்வரை வாட்டில் இருக்கவேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் பூமணியக்கா. வெல்லாவெளியில் வயல் வேலை செய்பவர், ஐம்பது வயதிருக்கும். அவருக்கும் அதே நோய். மகளுக்கு நிறைமாதம். "முதல் பேறு. நான் நிக்காம ஆர் நிக்கிற?" என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுவார்.

மூன்றாம் கிழமை ஆய்வு செய்யும் ஒரு பெண் படிவங்களோடு வந்தார். எங்கள் வாழ்க்கைத் தரத்தை (பசி, தூக்கம், தெம்பு, மனநிலை ஆகியவற்றை நோயாளியே எப்படி உணர்கிறார் என்பதை) அளக்கவாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி. பூமணியக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்து நிரப்புவதாகச் சொன்னேன்.

பசி எப்படி என்பது முதல் கேள்வி.

"நல்ல பசி. அஞ்சு போடு."

"காலையிலயும் குடிச்ச தேத்தண்ணியெல்லாம் சத்தி எடுத்தீங்களே அக்கா. சோத்த அப்பிடியே காகத்துக்குத்தானே போட்டீங்க?"

"மெதுவாப் பேசு புள்ள. சத்தியெண்டா நேர்ஸ் மிஸ் என்ன வீட்ட விடமாட்டா. அஞ்சு போடு கா."

போட்டேன். தூக்கத்துக்கு ஐந்து, தெம்புக்கு ஐந்து. மனநிலைக்கு மட்டும் நான்கு. எல்லாமே ஐந்தாக இருந்தால் நம்பமாட்டார்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

டொக்டர் கேட்டபோதும் அவர் அதையே சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். மறுநாள் வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள். கண் இரண்டும் மஞ்சள். மருந்து ஈரலைத் தாக்கியிருந்தது (சிலருக்கு மட்டும் வரும் பக்கவிளைவு, சத்தியும் பசியின்மையும் முதல் அறிகுறிகள்). நேரத்தோடு தெரிந்திருந்தால் மருந்தை நிறுத்தி மாற்றியிருப்பார்கள். நான்காம் நாள் இறந்துபோனார்.

டொக்டரிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அது ஆய்வுக்கு மட்டுந்தான். அத வச்சு நாங்க மருந்து குடுக்கிறதில்ல" என்றார். பிறகு, "ஆனா நீங்க எனக்கு வாயால சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இதே மருந்தைக் குடிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சத்தி வந்தால் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு வந்தாலும் சொல்லுங்கள்.

ஆறாம் மாதம் குணமாகிவிட்டது என்றார்கள். அந்தப் பெண் மறுபடியும் படிவம் தந்தார். பசிக்கு ஐந்து. மனநிலைக்கு ஒன்று. ஏன் என்று கேட்டார். தையல் இயந்திரத்தை நிறுத்தினால் பின்னால் யாரோ சத்தி எடுக்கும் சத்தம் கேட்கிறது, திரும்பினால் ஒருவரும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டு கிழமை கழித்து வெல்லாவெளிக்குப் பஸ் ஏறினேன். பூமணியக்காவின் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"வீட்டயும் அப்பிடித்தான் சொன்னவ. வயிறு முட்டச் சாப்பிட்டன் எண்டுவா. நானும் நம்பிட்டன்."

"புள்ளையத் தூக்கினாவா?"

"இல்ல. தொத்திரும் எண்டு வாசல்ல நிண்டுதான் பாத்தவ."

உள்ளே அடுப்பில் ஏதோ பொங்கியது. "கொஞ்சம் புடிங்க அக்கா" என்று குழந்தையை என் கையில் தந்துவிட்டு ஓடினாள்.

என் சளியில் கிருமி இல்லையென்று எழுதித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஐந்து மாதக் கனம் கையில் இருந்தது. அதற்கு ஐந்து மாதம் என்றால் பூமணியக்கா போயும் ஏறக்குறைய அவ்வளவுதான். குழந்தை என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. நெஞ்சு முட்டி, வாயைத் திறந்தேன்.

என் மூச்சுப் பட்டு அதன் நெற்றி மயிர் அசைந்தது.