மூப்பர் கைதட்டிய ராப்

கற்பிட்டி ரோட்டில் வெங்காய லொறி குடைசாய்ந்து, ஊரே சாக்கோடு ஓடியதே... ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடுத்த ஞாயிறுதான் எங்கள் கோயில் சபைக் கூட்டம்.

பிரச்சினை — ராப். திருநாள் மேடையில் இளசுகளை ராப் பாட விட்டால் கோயில் பக்கம் வருவார்கள் என்றார் புது ஃபாதர். சபைத் தலைவரான மூப்பர் துள்ளி எழுந்தார்.

"ஃபாதர், இது பிசாசிட பாட்டு!"

இவருடைய அப்பாவும் மூப்பராக இருந்தவர்தான். நான் இளந்தாரியாக இருந்தபோது, கிட்டாரைப் பிசாசின் பெட்டி என்று கோயில் வாசலோடு திருப்பி அனுப்பினார். இன்று கிட்டார் இல்லாமல் பூசையே இல்லை. பிசாசு எப்போது ஞானஸ்நானம் எடுத்ததோ... சரி, கதைக்கு வருகிறேன்.

"முதல்ல எங்களுக்குப் பாடிக் காட்டட்டும்" என்று முடிவானது.

வந்தவள் ரொஷானி. கருவாட்டு வாடியில் வேலை. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து, கோயிலுக்குப் பின்னால் குடியேறிய சனத்தின் பிள்ளை. அங்கே எங்கு தோண்டினாலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் கோயில் கிணற்றில்தான். கோயில் வளவு சேறாகிறது என்று அதற்கும் மூப்பர் பூட்டுப் போட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பெண்கள் குடத்தோடு ஒரு மைல் நடக்கிறார்கள்.

ரொஷானி பாடினாள். வள்ளத்து எஞ்சின் தோற்றுவிடும் — அவ்வளவு வேகம்! சபையிலிருந்த ஆறு கிழவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல் பிடிபடவில்லை. ஒத்துக்கொள்வோமா? தலையாட்டினோம். நானும்தான்.

"நல்ல கருத்து, பிள்ள. மனந்திரும்புதல் எல்லாம் வருது" என்றார் மூப்பர்.

"ஓம் ஐயா, அதுக்காகத்தான் எழுதினனான்."

பல்லவியை மட்டும் அவள் அன்று பாடவில்லை. அது திருநாள் சனம் சேர்ந்து பாடுவதற்காம்.

திருநாள் வந்தது. முன்வரிசையில் மூப்பர். முதல் சரணம் முழுக்கக் கைதட்டினார். பிறகு கூட்டம் பல்லவியை எடுத்தது —

"கிணத்துத் திறப்பு எங்க?"

"மூப்பர்ட இடுப்புல!"

பின்வரிசைப் பெண்கள் வெறுங்குடத்தில் தாளம் போட்டார்கள். மூப்பரின் கை அந்தரத்தில் நின்றது.

"நிப்பாட்டுங்க! ஆரு இதுக்கு அனுமதி குடுத்த?"

"நீங்கதான், மூப்பர். நல்ல கருத்து எண்டு சொன்னீங்களே?" என்றேன்.

மறுநாளே பூட்டுத் திறந்தது. காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும்! தாகத்துக்கும் டைம்டேபிள்.

மூப்பரைக் காண்பவர்கள் தயவுசெய்து ஒன்றைச் சொல்லிவிடுங்கள் — கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சனம் இரவைக்கும் சோறு சமைக்குது.