பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே

எங்கள் எஸ்டேட்டில் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி ஒரு டீக்கடை இருக்கிறது. டீக்கடை என்று சொன்னால் என் முதலாளிக்குக் கோபம் வரும், அவ்வளவு பெரிய இடம். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் அதன் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவரை வரைந்தவள் நான். கட்டியவன் என் அண்ணன். கட்டி முடித்த கையோடு அவனை வீடில்லாமல் ஆக்கியதும் நான்தான்.

பழைய ஃபேக்டரி மாடியில், கொழுந்து வாட்டுகிற தளத்தில், கெட்டியான காட்டுமரப் பலகைகள் கிடந்தன. எத்தனையோ வருஷம் அடுப்புச் சூட்டில் காய்ந்து எலும்பாகிப்போன பலகைகள். என் முதலாளி கோலாலம்பூரில் கட்டட டிசைன் கம்பெனி வைத்திருப்பவர். அவற்றைக் கண்டதும் விடமாட்டேன் என்றார். மரம் மட்டும் இருந்தால் மலாய்க் கிராமத்துக் கம்போங் வீடு, இரும்பு மட்டும் இருந்தால் பட்டறை, கண்ணாடியோடு மூன்றும் சேர்ந்தால்தான் டிசைன் என்பது அவர் வாதம்.

சேர்ப்பதில்தான் வம்பே இருக்கிறது. ஈரம் பட்டால் மரம் ஊதும். இரும்பு அசையாது. கண்ணாடி எதையும் தாங்காது. அதிலும் சூட்டில் காய்ந்த பலகையைக் கொண்டுவந்து மேகம் உள்ளே நுழைகிற மலையில் நிறுத்தினால் அது தண்ணீர் குடிக்காமல் என்ன செய்யும்? அதனால் பலகை முடிந்து கண்ணாடி தொடங்குகிற இடத்தில் எல்லாம் சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு வரைந்தேன். வேலை எல்லாம் முடிந்த பிறகு அதன்மேல் ரப்பர் பட்டை வரும்.

தச்சு வேலைக்கு அண்ணனைக் கூட்டிவந்தது நான்தான். பாசத்தில் இல்லை. அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் ஒருவர் பேராவது எஸ்டேட் பதிவில் இருந்தால்தான் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கிற லைன் வீட்டில் இருக்க முடியும். அண்ணன் அதுவரை வெளிவேலை பார்த்தவன். கடையைக் கட்டி முடித்தால் அங்கேயே பராமரிப்பு ஆளாக வைத்துக்கொள்கிறேன் என்று எஸ்டேட்டை நடத்துகிற துரை வாய் திறந்து சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் அம்மா, அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள் ஐந்து பேருக்கும் கூரை நிலைக்கும். இல்லாவிட்டால் அம்மாவை நான் வைத்துக்கொள்ள வேண்டிவரும். எனக்கு அதில் இஷ்டமில்லை.

முதல் வாரமே அண்ணன் அந்த இடைவெளியைக் காட்டிக் கேட்டான்.

"பாப்பா, இது என்னாத்துக்கு? சாரல் உள்ள அடிக்குமே."

முதலாளி சொந்தக் காரில் வந்து இறங்குகிற நேரம் அது. சிமெண்டுப் பூச்சுக்காரர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் முன்னாலும் பாப்பா என்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்? கோடு போட்ட எடத்துல வை. யோசிக்கிறத படிச்சவங்க பாத்துப்பாங்க."

நாலு பேரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் கேட்கவில்லை.

லைன்காரனுக்கு இடுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. மழைக்காலம் வருவதற்கு முன்னால் எங்கள் வீடுகளில் பலகைச் சுவரில் இருக்கிற ஒவ்வொரு இடுக்கையும் அடைப்போம். பழைய பேப்பர், கோதுமை மாவுப் பசை, சாக்குத் துணி, எது கிடைக்கிறதோ அது. அடைக்காத வீட்டைப் பார்த்தால், பிள்ளை குட்டி இருக்கிற வீடா இது என்று அண்டை அயல் பேசும். அண்ணன் அந்த வேலையில் கெட்டிக்காரன். நான் எதையோ மறந்துவிட்டேன், கடை திறந்ததும் சாரல் அடித்து என் மானம் போகும் என்று முடிவு கட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமல், கூலி இல்லாமல் போய், மெல்லிய மரச்சீவல்களைப் பசை தடவி அடித்து இறக்கி, சுவர் முழுக்க அடைத்துவிட்டான்.

திங்கள் காலை பார்த்தேன். கோடே தெரியாத அளவுக்கு இழைத்துத் தேய்த்து வைத்திருந்தான். பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தான். சனிக்கிழமை திறப்பு விழா. அத்தனையையும் நோண்டி எடுக்க நாலு நாள் பிடிக்கும். தச்சனைச் சரியாக மேய்க்கத் தெரியவில்லை என்று முதலாளியிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். மழைக்கு முன்னால் எப்படியாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

முகமெல்லாம் பல்லாகப் போனான்.

மழை காத்திருக்கவில்லை. திறந்து மூன்றாவது வாரம், காலை நேரத்தில், இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டன. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. மறுநாளே முதலாளி மலையேறி வந்தார். துரையும் வந்தார். முதலாளி சுவரைத் தடவிப் பார்த்து, சீவலை நகத்தால் சுரண்டி, என் பக்கம் திரும்பினார். இடைவெளியை அடைக்கக்கூடாது என்று தச்சனிடம் சொன்னாயா என்று கேட்டார்.

"சொன்னேன்" என்றேன். "ரெண்டு தடவை சொன்னேன்."

இரண்டு தடவை என்று ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு பொய்யே போதுமாக இருந்தது.

முதலாளி அண்ணனிடம் மலாயில் அதையே கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன்.

"சொன்னிச்சு பாஸ்" என்று அவனும் மலாயில் சொன்னான். "நான்தான் கேக்கல."

சொன்னதைக் கேட்காதவனைக் கண்ணாடிக் கட்டடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று துரை கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டைக் காலி செய்ய ஒரு மாசம் கொடுத்தார்.

அம்மா அவனைப் பேசாத பேச்சில்லை. கூடப் பிறந்தவள் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் குடியைக் கெடுத்தான் என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அண்ணி ஒருநாள் என்னைத் தனியாக நிறுத்தி, நிஜமாகச் சொன்னாயா என்று கேட்டாள். உன் புருஷனையே கேள் என்றேன்.

கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் அண்ணனுக்கு முட்டைக்கோஸ் ஏற்றுகிற வேலையும் தகரக் கொட்டகையில் ஒற்றை அறையும் கிடைத்தன. அங்கே வரமாட்டேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ரிங்லெட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

காலி செய்த அன்று சாமான் எல்லாம் லோரியில் ஏறிவிட்டது. அம்மாவின் மூட்டையை அண்ணனே தூக்கிவந்து என் கார் பின்னால் வைத்தான். அம்மா அவனைப் பார்க்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் செத்தாக்கூட நீ வராத" என்றாள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவன் அவள் பக்கத்துக் கார்க் கதவைச் சாத்தினான்.

நான் அம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அண்ணன் சட்டென்று சுற்றிவந்து என் ஜன்னலில் குனிந்தான்.

"சொல்லிடாத பாப்பா" என்று காதோடு சொன்னான். "அம்மா உன்னையும் வெறுத்துட்டா அதுக்கு வேற யாரு இருக்கா?"

சரி என்று தலையாட்டினேன். அவன் கண் கலங்கியிருந்தது, நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைத்துவிட்டான்.

நான் வாயைத் திறந்தது அம்மாவைச் சீட் பெல்ட் போடச் சொல்லத்தான்.