தீப்பெட்டிக்குத் தீ இன்சூரன்ஸ்

மனுஷன் சாவான் என்று சொல்லி பாலிசி விற்பது சுலபம். அவன் ஆசையாகச் சேர்த்து வைத்த சாமான் தொலைந்துபோகும் என்று சொன்னால் அடிக்க வருவான். வீட்டுச் சேகரிப்புகளுக்குக் காப்பீடு என்ற திட்டத்தைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆறு வருஷம் அலைந்தவன் நான். கதவு தட்டிப் பிழைக்கும் சகாக்களே, நீங்களாவது நம்புவீர்கள்.

குச்சியோடு

மூங்கில்துறைப்பட்டில் ஒருவர். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓர் அறை முழுக்கத் தீப்பெட்டி, தரையிலிருந்து கூரை வரை. நான் பாக்கெட்டிலிருந்த லைட்டரை எடுத்து வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

"குச்சியை எல்லாம் கொட்டிட்டு வெறும் பெட்டியை வைங்க. அப்பத்தான் கம்பெனி ஒத்துக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குச்சிய கொட்டிட்டா பத்திக்கவே பத்திக்காதே. அப்புறம் இன்னாத்துக்குங்க இன்சூரன்ஸு?"

வாசல் கதவு

நைனார்பாளையத்தில் மாவு மில் வைத்திருந்தவரிடம் அறுபது பழைய பூட்டுகள் இருந்தன. திண்டுக்கல் பூட்டு, மாங்காய்ப் பூட்டு, கோயில் கதவில் தொங்கியது என்று அவர் சத்தியம் செய்த ஒன்று. எல்லாம் எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தன. ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்வி, வாசல் கதவுக்குப் பூட்டு உண்டா?

எழுந்து போய்ப் பார்த்தேன். கதவைப் பழைய புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார். இதிலேயே ஒன்றை மாட்டுங்கள், இல்லாவிட்டால் பாலிசி கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஒவ்வொரு பூட்டாக எடுத்தார், துடைத்தார், திரும்ப வைத்தார். அரைமணி நேரம் போயிற்று.

"மனசு வரல சார். நல்ல பூட்ட யாராவது வெயில்லயும் மழையிலயும் தொங்க வுடுவாங்களா?"

இருபத்தேழு ரேடியோ

கல்வராயன் மலையில் வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் மட்டும் மறுபேச்சில்லாமல் பாலிசி எடுத்தார். இருபத்தேழு வால்வு ரேடியோக்கள். மூன்றாம் மாதமே திருட்டு என்று கடிதம் வந்தது. விசாரிக்க பஸ் ஏறினேன். மனுஷர் சவரம்கூடச் செய்யவில்லை. காலி அலமாரியைத் தட்டுத் தட்டாகக் காட்டினார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "திருட்டா? இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்துகினு இருக்கீங்க? நான்தாங்க பழைய சாமான்காரன்கிட்ட குடத்துக்குப் போட்டேன். அத்தினி இருந்தும் ஒண்ணுகூட பாடல. குடத்துல தண்ணியாவது நிக்குது."

வாத்தியார் எழுந்துபோய், அடுப்படியிலிருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதையாவது எழுதிக்கோங்க சார். என் இருபத்தேழு ரேடியோவும் இப்ப இதுலதான் இருக்குது."

அந்த ஆறு வருஷத்தில் என் வாடிக்கையாளர் வீடு எதிலும் நெருப்பும் வரவில்லை, திருடனும் வரவில்லை, திரும்பத் திரும்ப வந்த ஒரே தொல்லை நான்தான்.