பாதிக் கோடுகள்

யுத்தம் தொடங்கிய வருஷம், மயிலாடும்பாறையில் எங்கள் பருத்திக் காட்டில் களையெடுத்தபோது, ஆள்கணக்கு எழுதும் வேலையை மாமனார் எனக்குக் கொடுத்தார். பெரியகுளத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எட்டு மாதக் கைக்குழந்தையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுவேன். முழு நாளுக்கு ஒரு கோடு, நடுவில் கிளம்பினால் பாதிக் கோடு. இரண்டு முறை சரிபார்ப்பேன். குழந்தை அழுதால் மூன்றாவது முறையும். உச்சி வெயிலுக்குள், அதுவரை இருந்தவர்களுக்கு முழுக் கோடு போட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

சந்தைக்கு முந்தின நாள் மாமனார் கூலியைக் கம்புத் தானியமாகப் படியால் அளந்து கொடுப்பார். அன்று ஒருத்தி தன் முறை வந்தும் ஓலைப்பெட்டியை நீட்டவில்லை. அவளுக்கும் என் வயதுதான், கைக்குழந்தைக்காரி.

"ஆறு நாளு வந்தேன் அய்யா. மூணு நாளுக்கு அளந்தா வீட்டுல நாலு வாயும் எதைத் திங்கும்?"

நோட்டில் அவளுக்கு ஆறும் பாதிக் கோடுகள். "தெனமும் உச்சிக்கு முன்ன களைக்கொத்தைப் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டா மாமா. நானே பாத்தேன்" என்றேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறாள் என்று நானாக முடிவுசெய்திருந்தேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வயதான ஒருத்தி கேட்டாள்: "ஏந் தாயி, நாங்க உச்சிக்குக் குடிச்ச கஞ்சி வேப்பமரத்துல இருந்தா வடிஞ்சுச்சு?"

தினமும் அத்தனை பேர் வீட்டுக் கஞ்சிக் கலயங்களையும் கூடையில் அடுக்கிச் சுமந்து வந்தவள் அந்தக் கைக்குழந்தைக்காரிதான். கஞ்சிக்குப் போகிறவளுக்கு முழு நாள் கூலி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததால், யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமனாருக்கும் தெரியும். ஆனாலும் படியைக் கீழே வைத்தார். "நோட்டுல அடிச்சுத் திருத்தினா, அடுத்த வாரம் ஆளாளுக்குத் திருத்தச் சொல்லுவாக. எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்."

மருமகளின் தப்பை ஆட்கள் முன்னால் ஒத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. நான் இப்போதே பேசுவதா, அவர் வீட்டுக்கு வந்தபின் மெதுவாகச் சொல்வதா? அதைக் கேட்டு அவர் இறங்கிவருவதற்குள் நாளைச் சந்தையே முடிந்துவிடும், அவள் பெட்டி காலியாகத்தான் இருக்கும். குழந்தையை அந்த வயதானவள் கையில் கொடுத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

"அடிக்க வேணாம் மாமா. எல்லாம் பாதிக் கோடுதான. நீட்டினாப் போதும். தப்பு என்னுது."

ஆறு கோடுகளையும் நீட்டினேன். மாமனார் நோட்டை வாங்கிப் பார்த்தார். படியை எடுத்து, ஆறு நாளுக்கும் அளந்தார்.

பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் சொன்னாள்: "இனிமே கஞ்சி வார வரைக்கும் இருந்து எழுதுங்க தாயி."

சந்தை முடிந்த மறுநாளிலிருந்து அப்படியே இருந்தேன்.